பட்டுப்புழு முட்டையில் நோயைத் தேடிய லூயி பாஸ்டர்

லூயி பாஸ்டரின் பெயரைக் கேட்டதும் விசர்நாய்க்கடிக்கு அவர் கண்ட தடுப்பு மருந்தும், அவரது பெயராலேயே இன்றும் வழங்கிவரும் பால் பதப்படுத்தும் முறையுமே எம்மில் பெரும்பாலானோரின் நினைவுக்கு வருகின்றன. பாடசாலை நூல்களும் அவற்றையே எடுத்துரைக்கின்றன. ஆனால், 1865 ஆம் ஆண்டு தொடக்கம் 1870 ஆம் ஆண்டு வரையான காலப்பகுதியில் அவரது உழைப்பின் பெரும்பகுதி, கடுகு மணியளவேயான பட்டுப்புழு முட்டைகளையும் அவற்றை இடும் அந்துப்பூச்சிகளையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்வதிலேயே கழிந்தது என்பதைப் பலர் அறியார். அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் தந்தையை இழந்தார். இரு மகள்மாரை இழந்தார். தமது உடலின் இடப்பாகத்தின் வலுவையும் இழந்தார். அதுமட்டுமன்றி, அக்காலத்தின் முதல் இரண்டு ஆண்டுகளும் தவறான கருத்தொன்றையும் பற்றிக்கொண்டிருந்தார். தொற்றுநோய்கள் பற்றிய அவரது பிற்காலச் சாதனைகள் துயரமும் தவறும் நிறைந்த இந்தக் காலத்திலேயே வேரூன்றின.

கிழக்குப் பிரான்சின் ஜூரா பிரதேசத்திலுள்ள டோல் என்னும் ஊரில் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் 27 ஆம் திகதி பாஸ்டர் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் பணியாற்றிய முன்னாள் போர்வீரர். பின்னர் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டவர். குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. இளமையில் பாஸ்டரிடம் மிளிர்ந்த திறமை ஓவியம் வரைவதே. பிற்காலத்தில் பாரிஸ் நகரின் உயர் ஆசிரியர் கல்லூரியில் இரசாயனவியலைக் கற்றுத் தேர்ந்தார். 1848 ஆம் ஆண்டு, 25 வயதில், தார்த்தாரிக் அமிலத்தின் உப்புப் பளிங்குகள் கையும் கையின் விம்பமும் போல இரு வகைப்படுவதைக் கண்டறிந்து அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தார். அடுத்த ஆண்டில் மேரி லோரன் என்பவரைக் கரம்பிடித்தார். கணவரின் ஆய்வுக் குறிப்புகளை எழுதிக்கொடுத்து, அவரது வாழ்நாள் முழுவதும் துணைநின்றவர் அந்த அம்மையார்.

1854 இல் லில் நகரிலும், 1857 முதல் பாரிஸிலும் பணியாற்றிய காலத்தில் பாஸ்டரின் கவனம் நொதித்தலின்பால் திரும்பியது. பால் புளிப்பதற்கும் திராட்சை இரசம் மதுவாவதற்கும் உயிருள்ள நுண்ணங்கிகளே காரணம் என்பதை அவர் நிறுவினார். உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகவே தோன்றும் என்று நம்பியிருந்தோரின் வாதத்தையும், அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த குடுவைகளைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனைகளால் முறியடித்தார். இந்நிலையில்தான், 1865 ஆம் ஆண்டில், அவர் பெரிதும் மதித்த ஆசானும் செனற் சபை உறுப்பினருமான இரசாயனவியலாளர் ஜீன் பப்டிஸ்ட் டூமா, எதிர்பாராத வேண்டுகோள் ஒன்றை அவர்முன் வைத்தார். தெற்குப் பிரான்சை வாட்டிவந்த பட்டுப்புழு நோயின் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே அது.

டூமா பிறந்த ஆலெஸ் நகரையும் அதனைச் சூழ்ந்த செவென் மலைப்பகுதியையும் பொறுத்தவரை, பட்டு ஒரு கைத்தொழில் மாத்திரமன்று, அதுவே வாழ்வாதாரம். மல்பெரி மரத்தை அப்பகுதி மக்கள் பொன் மரம் என்றே அழைத்தனர். வசந்த காலத்தின் சில வாரங்களில் வீட்டின் ஒரு பகுதியையே புழுக்களுக்கு ஒதுக்கிக் கொடுத்து, பெண்களும் சிறுவர்களும் இரவு பகலாக இலை பறித்திட்டு வளர்த்து, அதில் கிடைக்கும் வருவாயைக் கொண்டே ஆண்டு முழுவதற்குமான கடனையும் வரியையும் தீர்த்தனர். இத்தகைய நிலையில் புழுக்களின் உடலில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் தோன்றின. புழுக்கள் சீராக வளராமல், உணவை மறுத்து, கூடு கட்டாமலேயே மடிந்தன. மிளகைக் குறிக்கும் அப்பிரதேச வழக்குச் சொல்லிலிருந்து இந்நோய்க்குப் பெப்ரின் என்ற பெயர் ஏற்பட்டது.

1853 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 260 இலட்சம் கிலோகிராமாக இருந்த பிரான்சின் பட்டுக்கூட்டு உற்பத்தி, 1865 இல் 40 இலட்சம் கிலோகிராமாக வீழ்ச்சியடைந்தது. உள்ளூர் முட்டைகளில் நம்பிக்கையிழந்த மக்கள் இத்தாலி, ஸ்பெயின், துருக்கி என நாடு நாடாக முட்டைகளை வாங்கினர். சென்றவிடமெல்லாம் நோயும் பின்தொடர்ந்தது. இறுதியில் யப்பானிய முட்டைகளே ஓரளவு நம்பத்தக்கவையாக எஞ்சின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவொன்று செனற் சபைக்கு அனுப்பப்பட்டது. அதனைப் பரிசீலிக்கும் பொறுப்பு டூமாவிடம் வந்தபோதே, அவர் பாஸ்டரை நாடினார்.

தாம் ஒருபோதும் பட்டுப்புழுவைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்று பாஸ்டர் தயங்கினார். அவ்வாறாயின் முற்கருத்து எதுவுமின்றி ஆராயலாமே என்பது டூமாவின் பதிலாக இருந்தது. 1865 ஜூன் மாதத்தில் தெற்கு நோக்கிப் புறப்பட்ட பாஸ்டர், அவிஞோன் நகரில் பூச்சியியல் அறிஞர் ஜீன் ஹென்றி ஃபாப்ரேயைச் சந்தித்தார். பட்டுக்கூடு ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று அவர் வியந்ததாகவும், கூட்டுப்புழு என்பது யாதென்பதைத் தாம் விளக்க நேர்ந்ததாகவும் ஃபாப்ரே பின்னர் எழுதிவைத்தார். அறியாமையை மறைக்காமல் வினவிய அந்த விருந்தினரின் துணிவை ஃபாப்ரே பெரிதும் மெச்சினார்.

ஆயினும் இத்துறையில் பாஸ்டருக்கு முன்னரே இத்தாலிய அறிஞர்கள் கணிசமான தூரம் சென்றிருந்தனர் என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். நோயுற்ற புழுக்களின் உடலில் நுணுக்குக்காட்டியின் கீழ் பளபளக்கும் முட்டை வடிவிலான நுண்துணிக்கைகள் காணப்படுவதைக் கொர்னாலியா போன்றோர் விவரித்திருந்தனர். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு நீளமேயுள்ள துணிக்கைகள் அவை. 1857 இல் ஒசிமோ என்பவர் அவற்றைப் பட்டுப்புழு முட்டைகளுக்குள்ளேயே கண்டார். 1859 இல் விட்டாடினி என்பவர், முட்டைகளை நசுக்கி நுணுக்குக்காட்டியில் பரிசோதித்து நல்லதையும் தீயதையும் பிரிக்கலாம் என்று முன்மொழிந்தார். ஆனால் அம்முறை நடைமுறையில் போதிய பயனளிக்கவில்லை.

ஏன் பயனளிக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ளப் பட்டுப்புழு முட்டையின் வாழ்வை நோக்க வேண்டும். தாய்ப்பூச்சி இடும்போது முட்டை மஞ்சள் நிறமாக இருக்கும். கருக்கட்டிய முட்டை சில நாட்களில் சாம்பல் நிறமாக மாறும். உள்ளே உருவாகத் தொடங்கும் முளையம் ஒரு கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும். வசந்தத்தின் வெப்பம் பட்டதும் மீண்டும் வளரத் தொடங்கும். பொரிப்பதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்னர் முளையத்தின் கருந்தலை ஓட்டினூடாகப் புள்ளியாகத் தெரியும். நோய்க்கிருமியும் இந்த முளையத்துடன் சேர்ந்தே பெருகுகிறது. ஆகவே, பொரிக்கும் நாள் நெருங்கும்போதே துணிக்கைகள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. விட்டாடினியும் இதனை அவதானித்திருந்தார். இலையுதிர் காலத்தில் முட்டையை நசுக்கிப் பார்ப்பவருக்கு அது தூய்மையானதாகவே தோன்றக்கூடும். கிருமியோ மிகச் சொற்பமாக, கண்ணுக்குப் புலப்படாத நிலையில் உள்ளே இருக்கும். அந்த முட்டையை நம்பி வாங்கிய விவசாயி வசந்தத்தில் ஏமாந்து போவான்.

ஆலெஸில் முதன்முறையாக நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்த பாஸ்டரின் கண்ணில் விசித்திரமானதொரு முரண்பாடு பட்டது. ஒரு தொகுதிப் புழுக்கள் நன்கு வளர்ந்து கூடு கட்டி முடித்திருந்தன. ஆனால் அவற்றின் கூட்டுப்புழுக்களிலும் அந்துப்பூச்சிகளிலும் துணிக்கைகள் நிறைந்திருந்தன. மற்றொரு தொகுதி நோயுற்று மெலிந்து காணப்பட்டது. ஆனால் அப்புழுக்களில் துணிக்கைகள் அரிதாகவே தென்பட்டன. துணிக்கைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று அவசர முடிவுக்கு வர இது போதுமானதாக இருந்தது. பாஸ்டர் வேறு விதமாகச் சிந்தித்தார். துணிக்கைகள் தெளிவாக வெளிப்படும் பருவம் முட்டையோ இளம்புழுவோ அன்று; அது வாழ்வின் இறுதிக் கட்டமான அந்துப்பூச்சிப் பருவமே என்று அவர் ஊகித்தார். அவ்வாறாயின் முட்டையின் தரத்தை அறிய முட்டையைப் பார்ப்பதிலும் அதனை இட்ட தாயைப் பார்ப்பதே சிறந்த வழியாகும்.

இந்த எண்ணத்திலிருந்து பிறந்த முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. புணர்ச்சி முடிந்த ஒவ்வொரு பெண்பூச்சியும் தனித்தனிச் சிறு துணித்துண்டில் முட்டையிட விடப்படும். முட்டையிட்ட பின்னர் அப்பூச்சியை அதே துணியின் மூலையில் மடித்து ஊசியால் குத்தி வைப்பர். பின்னர் ஆறுதலாக அதனை எடுத்துச் சிறிய உரலில் சில துளி நீருடன் அரைத்து, ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். துணிக்கைகள் தென்பட்டால் அத்துணியிலுள்ள நூற்றுக்கணக்கான முட்டைகளும் எரிக்கப்படும். தென்படாவிட்டால் அடுத்த ஆண்டுக்குரிய விதையாக அவை பாதுகாக்கப்படும்.

எளிமையான இந்த வழியை உறுதிப்படுத்தப் பாஸ்டர் கொடுத்த விலை எளிமையானதன்று. ஆலெஸை வந்தடைந்து சில நாட்களிலேயே தந்தை நோயுற்றிருப்பதாகத் தந்தி கிடைத்தது. அவர் ஆர்புவாவைச் சென்றடைந்தபோது தந்தையின் உயிர் பிரிந்திருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இரண்டு வயதேயான மகள் கமீல் மரணமடைந்தாள். 1866 ஆம் ஆண்டு வசந்தத்தில் மனைவியும் இரு மகள்மாரும் அவருடன் சேர்ந்து தங்குவதற்காகப் புறப்பட்டனர். வழியில் ஷம்பெரி நகரில் பன்னிரண்டு வயது மகள் செசில் நெருப்புக்காய்ச்சலில் வீழ்ந்தாள். மகளைப் பார்க்க விரைந்த பாஸ்டர், அவள் சற்றுத் தேறியதாகக் கருதிப் பணிக்குத் திரும்பினார். மே மாதத்தில் அவளும் மறைந்தாள். மூத்த மகள் ஜோன் 1859 இல் அதே நோய்க்கு ஏற்கனவே பலியாகியிருந்தாள்.

துயரத்தின் நடுவிலும் ஆலெஸ் நகருக்கு அருகே பொன் ஜிஸ்கே என்ற வீட்டில் ஆய்வுகள் தொடர்ந்தன. ஜெர்னே, டுக்ளோ, ரோலான், மையோ ஆகிய இளம் உதவியாளர்கள் அவருடன் தங்கிப் பணிபுரிந்தனர். அம்மையாரும் எஞ்சியிருந்த மகள் மேரி லூயிஸும் புழுக்களுக்கு இலையிட்டு வளர்ப்பவர்களாக மாறினர்.

ஆனால் அடிப்படையான ஒரு விடயத்தில் பாஸ்டர் தவறிழைத்திருந்தார். அந்தத் துணிக்கைகள் உயிருள்ள ஒட்டுண்ணிகள் அல்ல, நோயுற்ற இழையங்களிலிருந்து உண்டாகும் விளைபொருட்களே என்று அவர் கருதினார். நொதித்தலுக்கு நுண்ணங்கிகளே காரணமென்று உலகுக்கு எடுத்துரைத்தவரே, தம் கண்முன் இருந்த நுண்ணங்கியை இனங்காணத் தவறினார் என்பது வியப்புக்குரியது. அதேவேளை, பெப்ரின் ஓர் ஒட்டுண்ணி நோயே என்று பெஷாம் என்ற மற்றுமொரு பிரெஞ்சு விஞ்ஞானி வாதிட்டு வந்தார். இவ்விடயத்தில் சரியான பக்கத்தில் நின்றவர் அவரே.

பாஸ்டரைத் திருத்தியது அவரது சொந்தப் பரிசோதனைகளே. நோயுற்ற புழுவை நீரில் அரைத்து, அந்த நீரை மல்பெரி இலைகளில் பூசி, ஆரோக்கியமான புழுக்களுக்கு உண்ணக் கொடுத்தனர். அவை நோயுற்றன, உடலில் துணிக்கைகள் பெருகின. இளம்பருவத்தில் உண்டவை கூடு கட்டுமுன்னரே மடிந்தன. இறுதித் தோலுரிப்பின் பின்னர் உண்டவையோ கூடு கட்டின. ஆனால் அவற்றிலிருந்து வெளிவந்த பூச்சிகள் துணிக்கைகளால் நிறைந்திருந்தன. முதல் நாளில் கண்ட முரண்பாட்டுக்கான விளக்கம் இவ்வாறு கிடைத்தது. ஜெர்னேயின் தொடர் பரிசோதனைகள் ஐயத்தை மேலும் நீக்கின. 1867 அளவில் பாஸ்டர் தமது முன்னைய கருத்தைக் கைவிட்டார். நோய் ஒரு புழுவிலிருந்து மற்றொன்றுக்கு உணவின் மூலமும், தாயிலிருந்து சேய்க்கு முட்டையின் மூலமும் கடத்தப்படுகிறது என்பதை ஏற்றுக்கொண்டார்.

ஒரு முடிச்சு அவிழ்ந்த வேளையில் மற்றொன்று விழுந்தது. துணிக்கைகளற்ற தாய்ப்பூச்சிகளின் முட்டைகளிலிருந்து பொரித்த சில தொகுதிகளும் கொத்துக் கொத்தாக மடிந்தன. இறந்த புழுக்கள் கறுத்து, தொய்ந்து, துர்நாற்றம் வீசின. இது பிளாச்சரி எனப்படும் வேறொரு நோய் என்பதைப் பாஸ்டர் இனங்கண்டார். புழுக்களின் குடலில் நுண்ணங்கிகள் பெருகியிருப்பதையும், நெருக்கமும் ஈரப்பதனும் நொதித்த இலைகளும் அதற்கு இடமளிப்பதையும் அவர் அவதானித்தார். கிருமியின் வலிமையுடன், அது தாக்கும் உடலின் நிலையும் சுற்றாடலும் நோயைத் தீர்மானிக்கின்றன என்ற பாடத்தை அவர் இங்கேதான் கற்றார்.

முட்டை வணிகர்களுக்கு இந்த ஆய்வுகள் உவப்பானவையாக இருக்கவில்லை. ஆலெஸ் மக்கள் பாஸ்டரைக் கல்லெறிந்து விரட்டிவிட்டதாகப் பொய்யான வதந்தியொன்று பரவி, அவரது மனைவியின் குடும்பத்தாரையும் எட்டியது. நாட்டுப்புறத்தவருக்கு நுணுக்குக்காட்டியைக் கையாள இயலாது என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. தமது ஆய்வுகூடத்தில் எட்டு வயதுச் சிறுமியொருத்தியே அதனைச் சிரமமின்றிப் பயன்படுத்துகிறாள் என்பதைப் பாஸ்டர் அதற்குப் பதிலாகச் சுட்டிக்காட்டினார்.

1868 ஒக்டோபர் 19 ஆம் திகதி அவர் பாரிசவாதத்தினால் தாக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45. இடது கையும் காலும் செயலிழந்தன. உயிர் பிழைப்பாரோ என்று அஞ்சப்பட்ட நிலையிலும், ஒரு வாரத்துக்குள் பிளாச்சரி நோய் பற்றிய குறிப்பொன்றைப் படுக்கையிலிருந்தவாறே ஜெர்னேயிடம் சொல்லி எழுதுவித்தார். அவருக்கென அமைக்கப்பட்டுவந்த ஆய்வுகூடத்தின் வேலைகள் அந்நாட்களில் நிறுத்தப்பட்டன. தமது மரணம் எதிர்பார்க்கப்படுவதை அதன்மூலம் உணர்ந்து அவர் மனம் நொந்தார். பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் தலையீட்டால் வேலைகள் மீண்டும் தொடங்கின. மூன்று மாதங்கள் கழிவதற்குள் பாஸ்டர் தெற்கே திரும்பினார். சாய்மனையில் படுத்தவாறே 1869 ஆம் ஆண்டுப் பருவத்தின் பரிசோதனைகளை நெறிப்படுத்தினார்.

அவ்வாண்டில் லியோன் நகரின் பட்டு ஆணைக்குழு அவரது முறையில் ஐயம் தெரிவித்தது. பாஸ்டர் பல முட்டைத் தொகுதிகளை அனுப்பி, எது நன்கு வளரும், எது பெப்ரினால் அழியும், எது பிளாச்சரியால் அழியும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். அவர் குறிப்பிட்டவாறே யாவும் நிகழ்ந்தன. அதன்பின்னர் திரியெஸ்ற் நகருக்கு அண்மையில் அரச குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த தோட்டமொன்றில் பல மாதங்கள் தங்கி, நட்டத்தில் மூழ்கியிருந்த அதன் பட்டு வளர்ப்பை இலாபகரமாக்கிக் காட்டினார். ஆய்வின் முழு விபரமும் 1870 இல் இரு பாகங்களைக் கொண்ட நூலாக வெளியாயிற்று.

பாஸ்டரின் முறை பிரான்சின் பட்டுத்தொழிலை முன்னைய நிலைக்கு உயர்த்திவிட்டது என்று கூறுவது மிகையாகும். 1869 இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாயின் ஊடாக ஆசியப் பட்டு மலிவாக வந்து குவிந்தது. செவென் விவசாயியினால் அந்தப் போட்டியைத் தாங்க முடியவில்லை. எனினும், பட்டு வளர்ப்பே அற்றுப்போகும் என்ற அச்சத்தை அவரது முறை நீக்கியது. இத்தாலியில் அது விரைவாகப் பரவியது.

பட்டுப்புழுக்களிடம் கற்ற பாடங்களை அவர் மறக்கவில்லை. 1877 முதல் அந்திராக்ஸ் நோயையும், பின்னர் கோழிக் கொலராவையும் ஆராய்ந்தார். 1881 இல் செம்மறியாடுகளுக்கு அந்திராக்ஸ் தடுப்பூசி ஏற்றி வெற்றி கண்டார். 1885 ஜூலை 6 ஆம் திகதி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்ரருக்குச் சிகிச்சை ஆரம்பிக்கப்பட்டது. 1888 இல் பாஸ்டர் நிறுவகம் பாரிஸில் திறந்துவைக்கப்பட்டது. தம்மிடம் தொற்றுநோய் ஆய்வு பயில வந்தோரை முதலில் பட்டுப்புழு பற்றிய தமது நூலைப் படிக்குமாறு அவர் பணிப்பது வழக்கம். 1895 செப்டெம்பர் 28 ஆம் திகதி அவர் காலமானார். நிறுவகத்தினுள்ளேயே அமைந்த அவரது கல்லறை மண்டபத்தை அலங்கரிக்கும் சித்திர வேலைப்பாடுகளில் மல்பெரி மரமும் பட்டுப்பூச்சியும் இடம்பெற்றுள்ளன.

அவரை இரண்டு ஆண்டுகள் ஏமாற்றிய அந்தத் துணிக்கை, பங்கசுகளுக்கு நெருங்கிய உறவுடைய நுண்வித்தி உயிரினம் என்று இன்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. பெப்ரின் நோயுற்ற புழுவைக் குணப்படுத்துவதைவிட, நோயற்ற முட்டையைத் தெரிந்தெடுப்பதே இன்றும் முதன்மையான பாதுகாப்பாக உள்ளது. இந்தியா உள்ளிட்ட பட்டு வளர்க்கும் நாடுகளின் முட்டை உற்பத்தி நிலையங்களில், தாய்ப்பூச்சியை அரைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் வழக்கம் அன்றாடம் தொடர்கிறது.

தமக்குத் தெரியாத துறையில் துணிந்து இறங்கி, தெரியாததைத் தெரியாதென்று கூறி, தாம் கொண்ட கருத்தைச் சான்றுகள் மறுத்தபோது அதனைக் கைவிட்டவர் பாஸ்டர். பெற்ற பிள்ளைகளை நெருப்புக்காய்ச்சலிடமிருந்து காப்பாற்ற அன்றைய மருத்துவத்தில் வழியிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி தாயிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து முளையத்துக்கும் செல்லும் பாதையை அவர் பொறுமையுடன் பின்தொடர்ந்தார். அந்தப் பாதையே பிற்காலத்தில் எண்ணற்ற பெற்றோரின் பிள்ளைகளைக் காத்த மருத்துவத்துக்கு இட்டுச்சென்றது. தவறே செய்யாத மேதைகளாக விஞ்ஞானிகளை எமது மாணவர்களுக்கு அறிமுகம் செய்வதைவிட, தவறை ஒப்புக்கொண்டு திருந்திய மனிதராகப் பாஸ்டரை அறிமுகம் செய்வதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.